கருடன் வீட்டுக் கெட்டிமேளம்

எங்கள் ஊரில் பாட்டை எந்தக் கம்பெனியில் வாங்குகிறோமோ, காதையும் அந்தக் கம்பெனியில்தான் வாங்க வேண்டும். கருடன் கம்பெனிப் பாட்டு முல்லைக் காதில் விழாது. முல்லைப் பாட்டு கருடன் காதில் விழாது. பேச்சு மட்டும் எல்லாக் காதிலும் விழும். பேச்சை விற்க இன்னும் யாரும் வரவில்லை.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முல்லைக் காது. என் மகள் பூங்கோதை முதல் சம்பளத்திலிருந்து பாட்டு பாட்டாக வாங்கிச் சேர்த்திருந்தாள். பாட்டு இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை வீட்டார் கருடன். தாலி ஏறியதும் மருமகளுக்குக் காது மாற்றிவிட வேண்டும் என்று சம்பந்தி அருணகிரி நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார்.

"அவ வாங்கின பாட்டெல்லாம் என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கும். கேக்காது, அவ்வளவுதான்."

"ஒரு காதை மட்டும் மாத்தினாப் போதாதுங்களா?"

"ரெண்டு கம்பெனி ஒரே தலையில நிக்காதுங்க."

மேளம் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ஆகவே கருடனில் வாங்கிய மேளம். முகூர்த்த நேரத்தில் ஐயர் விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்டார். தும்மல், அழுகை என்று அபசகுனமாக எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டி ரசித்தார்கள். எங்கள் பக்கம் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. சீர்த்தட்டில் மஞ்சள் தடவி வைத்திருந்த புதுக் காதுகளைப் பார்த்துப் பூங்கோதை சொன்னதும் கேட்டது.

"வேண்டாம்ப்பா."

நான் எழுந்து இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கருடன் காதுகளில் மேளம்தான் விழுந்தது. வாழ்த்துகிறேன் என்று நினைத்து அருணகிரி எனக்குக் கும்பிடு போட்டார். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டாள்.

பந்தியில் அருணகிரி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "எம் பொண்ணு வேண்டாம்னு சொன்னாளுங்க."

"கெட்டிமேளத்துல கேக்காதது சொல்லாததுதானே சம்பந்தி? பாயசம் போடச் சொல்லட்டுமா?"

எனக்கு வயிறு எரிந்தது. அந்த வயிற்றில்தான் பாயசத்தையும் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைப் பிரித்தோம். தேங்காய்க்கு அடியில் பூங்கோதையின் பழைய காதுகள் இருந்தன. நான் செய்து போட்ட தோடுகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.

என் மனைவி காதுகளை முந்தானையால் துடைத்து, பூங்கோதை வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தாள். மகள் வாங்கிய பாட்டுகளில் ஒன்றைப் போட்டாள். பிறகு எனக்கு ஒரு தட்டும் காதுகளுக்கு ஒரு தட்டும் வைத்துச் சோறு பரிமாறினாள்.

பாட்டு முடிவதற்குள் காதுகள் சாப்பிட்டுவிட்டன. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தோம்.