கனசதுரம் வராத வருஷம்

ஒரே ஒரு தடவைதான் வந்தது. 2006 அக்டோபரில், பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றின் லேபில் சுகன்யா காய்ச்சி எடுத்த பிளாட்டினம்-பல்லேடியம் கலவைத் துகள்கள், மைக்ரோஸ்கோப் படத்தில் அத்தனையும் கனசதுரமாக நின்றன. அந்தத் தட்டையான முகங்களில்தான், எரிபொருள் மின்கலத்தில் ஊற்றும் ஆல்கஹால் வேகமாகச் சிதைந்து மின்சாரம் தரும். அதற்கப்புறம் எத்தனை முறை காய்ச்சினாலும் உருண்டைதான். "திரும்ப வரலைன்னா பிஎச்டிய மறந்துடும்மா" என்று கைடு பாலசுந்தரம் சொல்லிவிட்டார்.

யாரோ கை வைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, லேப் சாவி வைத்திருக்கும் இன்னொரு ஆள் லப்பைக்குடிக்காட்டு முகமது அனஸ்தானே. பக்கத்து மேஜை, அதே பட்டத்துக்குப் படிப்பவன். பார்க்கப் பரம சாது. அந்தச் சாதுத்தனமே அவளை உறுத்தியது. "இன்னிக்கும் உருண்டையாங்க?" என்று அவன் கேட்டால், ஆறுதலா நக்கலா என்று நாளெல்லாம் குடைந்தது. மருந்து பாட்டில்களைப் பூட்டி வைத்தாள். குடுவையில் எதையாவது தடவி வைக்கிறானோ என்று, ஒவ்வொரு முறையும் ஆசிட் ஊற்றி அலசு அலசென்று அலசினாள். அப்போதும் உருண்டைதான்.

பொறுக்க முடியாமல் போய்ச் சொல்லிவிட்டாள். "சார், அனஸ்தான் கெடுக்குறாரு."

பாலசுந்தரம் விசாரிக்கவெல்லாம் இல்லை. சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அனஸ் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் லேப் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனான். குட்டு உடைந்துவிட்டது, அதான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தாள் சுகன்யா.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சந்தனம் குங்குமம் வைக்க வேண்டுமே என்று, வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் குடுவைகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. போன வருஷமும் இப்படித்தான் தேய்த்து, பொரிகடலை கொடுக்கிற அவசரத்தில் ஒப்புக்கு அலசி வைத்து, பூஜை முடிந்ததும் அதே குடுவையில் காய்ச்சினாள்.

துளி உப்பைப் போட்டுக் காய்ச்சி, படத்துக்கு அனுப்பினாள். அத்தனையும் கனசதுரம். பாக்கெட் உப்பிலிருக்கும் அயோடின்தான் துகள்களை அப்படி வளர வைத்திருக்கிறது. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, ஒட்டியிருந்த மிச்சத்தையும் அவளே கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறாள்.

பட்டம் இனிக் கைக்கு வந்த மாதிரிதான். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. அனஸ் வீட்டுக்கு போன் போட்டாள். அவன் உம்மா ஹஃபீசா எடுத்தார்.

"அனஸோட லேபுல படிக்கிற சுகன்யா பேசுறேங்க."

"அவன் ஷார்ஜா போயிட்டானே, தெரியாதாம்மா? கடையில நிக்கிறான். படிப்பு போதும்னு அவனாத்தான் போனான். எதாச்சும் சொல்லணுமா?"

"அவர் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு..."

"என்ன தப்பும்மா?"

தன் மேல் விழுந்த பழியைப் பற்றி வீட்டில் அவன் மூச்சுகூட விட்டிருக்கவில்லை.