டின்னில் வந்த அவல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை கரண்டியைத் தேடும். அப்புறம்தான் வாய் திறக்கும். கொழும்பிலும் தூத்துக்குடியிலும் இருபது வருஷம் துரைமார் அடுப்படியில் நின்றவன் நான். ஞானதுரை வைத்த சூப்பை எந்தத் துரையும் குறை சொன்னதில்லை. ஒன்பது பேர் கைப்பட எழுதிக் கொடுத்த நற்சாட்சிச் சீட்டு என் பெட்டியில் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவனுக்கு 1938 ஆடிச் சாரலில் ஒரு கிண்ணம் கஞ்சி தண்ணி காட்டிவிட்டது.

அப்போது நான் குற்றாலத்தில் முகம்மது கனி சாயபுவின் பங்களாவில் சமையல்காரன். சீசனுக்கு அதை வாடகைக்கு விடுவார். அந்த வருஷம் வந்தவர் டாக்டர் அகிலாண்டேஸ்வரி. மதராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்து, எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். கூடவே ஒரு ஓட்ஸ் டின். காலையில் அதுதான் ஆகாரம் என்று அவருக்கு வைத்தியம் பார்த்தவர் சொல்லியிருந்தாராம்.

எனக்கா ஓட்ஸ் காய்ச்சத் தெரியாது? ஆனால் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்து விறகு எரியாது, புகையத்தான் செய்யும். கண் பிதுங்க ஊதி ஊதி ஒரு கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனால், அதில் புகை வாடை. டாக்டரம்மா கிண்ணத்தை முகத்தருகே கொண்டு போவார், ஓங்கரிப்பார், தள்ளி வைத்துவிடுவார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் சுடுகஞ்சி குடித்தே வெறுத்துப்போன உடம்பு.

ஐந்து நாள் இப்படியே போனது. சனிக்கிழமை அவர் சொன்னார்: "நாளைக்கும் இறங்கலைன்னா நான் ரயிலேறிடறேன் ஞானதுரை. இங்கே இருந்து என்ன பிரயோஜனம்?"

விஷயம் கனி சாயபு காதுக்குப் போய்விட்டது. "அந்தம்மா பட்டினியா ஊருக்குப் போனா, நீரும் மூட்டையக் கட்டிக்கிடும் வே" என்றார். ஐம்பது வயதில் வேறு எந்த அடுப்படி என்னைச் சேர்த்துக்கொள்ளும்?

டின்னில் ஒருவேளைக்குத்தான் மிச்சம். தென்காசிக் கடைத்தெரு முழுக்க ஓட்ஸ், ஓட்ஸ் என்று கேட்டு அலைந்தேன். ஒரு கடைக்காரர், "ஓடு வேணும்னா சூளைக்குல்லா போகணும்?" என்றார். அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று வந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

பங்களாவில் பாத்திரம் தேய்க்க உலகம்மை என்று ஒருத்தி வருவாள். முப்பது வயதிருக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் சொன்ன வேலையைத் தன் புத்திப்படிதான் செய்வாள். அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவளிடம், "காலைல டாக்டரம்மாவுக்கு டின்னுல கெடக்கறத எடுத்து வையிட்டி" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் டின் காலி. துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"எங்கட்டி ஓட்ஸு?"

"அந்த அவலா அண்ணாச்சி? அத நேத்தே ஊறப் போட்டாச்சுல்லா."

உறியில் இருந்த மண்சட்டியை இறக்கிக் காட்டினாள். என் கடைசி ஓட்ஸ், தயிரில் ஊறிக் கிடந்தது! எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"பாவி மட்டை, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! பச்சையாவா அந்தம்மா திங்கும்?"

"அவல யாராவது அடுப்புல ஏத்துவாகளா அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள். குரலில் நக்கல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். சட்டியை எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். ஓங்கரிக்கவில்லை.

"பால் காய்ச்சினதா?"

"நல்லாக் கொதிக்க வச்சு, கை பொறுக்குற சூட்டுக்கு ஆறவச்சேம்மா. அப்புறம் அவலப் போட்டு, ஒரு கரண்டி மோரு உறை ஊத்துனேன். வெறும் பால்னா விடியுமுன்ன கெட்டுப்போவும்லா?"

"தண்ணி?"

"சேக்கல. கேணித் தண்ணி கலங்கிக் கெடக்கு. உங்களுக்கு வயிறு சரியில்லன்னு அண்ணாச்சி சொன்னாவ."

"சரி, கொடு" என்றார் டாக்டரம்மா. உலகம்மை ஒரு மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு, மலைத்தேன் விட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவது போனது. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்தை வழித்து முடித்தார்.

"ஜில்லுன்னு, லேசான புளிப்போட... புகையே இல்லை. யார் யோசனை ஞானதுரை இது?"

'என் யோசனைதாம்மா' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பொய் சொல்வானேன்? உலகம்மை தலை குனிந்து நின்றாள். நான் திட்டியதில் அவளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"இவ யோசனைதான்" என்றேன். "இருவது வருசமா அடுப்பூதுத எனக்கு இது தோணல. அடுப்பு எரியலன்னா அடுப்பே வேண்டாம்னு இவளுக்குத் தோணியிருக்கு."

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

டின்தான் காலியாயிற்றே!

"நாளைக்கு நம்மூரு அவலுல போட்டுத் தாரேம்மா" என்றாள் உலகம்மை. "அதும் இதே பக்குவந்தான்."

டாக்டரம்மா ரயிலேறவில்லை. இருபது நாள் இருந்தார், தினமும் ஊறிய அவல். கன்னத்தில் சதை பிடித்து, கடைசி வாரம் ஐந்தருவி வரைக்கும் நடந்தே போய் வந்தார். கனி சாயபு என்னைத் தட்டிக்கொடுத்தார்.

புறப்படும் அன்று டாக்டரம்மா என்னிடம் ஒரு சீட்டு தந்தார். வாசித்தேன். 'சமையல்காரர் ஞானதுரை' என்று இருந்தது. பத்தாவது சீட்டு. பெட்டியில் வைத்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

"அம்மா, பேரு தப்பு" என்று திருப்பிக் கொடுத்தேன்.

சிரித்துக்கொண்டே வேறு காகிதம் எடுத்தார்.

உலகம்மைக்கு எழுத்துத் தெரியாது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, என்னிடமே நீட்டினாள்.

"என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"சமையல்காரி உலகம்மைன்னு."

"பாத்திரம் தேய்க்குறவள்னு இல்லியா?"

"இல்லட்டி."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.