முதல் கேள்விக்காரர்

தடதடவென்று மடக்கு நாற்காலிகள் சரிந்து விழுந்த சத்தத்தில் புத்தகக் கடையின் கதவே ஒரு முறை அதிர்ந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு கல்லூரி மாணவிகள் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நாற்காலிக் குவியலுக்கு நடுவில், மிச்சமிருந்த ஒற்றை நாற்காலியை மார்போடு அணைத்தபடி மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

"இப்ப என்ன சொன்னே?" என்றார்.

ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்தப் புத்தகக் கடையின் சொந்தக்காரி, திரும்பாமலே பதில் சொன்னாள். "இன்னிக்குக் கேள்வி தரமாட்டேன்னு சொன்னேன். நீங்களா ஏதாவது கேளுங்க. கேக்க ஒண்ணும் இல்லைன்னா சும்மா உக்காந்திருங்க."

அவ்வளவுதான். ஏணியிலிருந்து இறங்கினாள். விழுந்த நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு டீ கெட்டிலைத் தேடிப் போய்விட்டாள்.

அவர் கையிலிருந்த ஒற்றை நாற்காலியும் நழுவி விழுந்தது. காரணம் இருந்தது.

அந்த ஊரில் கல்லூரியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவை சில தெருக்களும் இந்தப் புத்தகக் கடையும்தான். மாதம் தவறாமல் கடையில் ஓர் எழுத்தாளர் வந்து தன் புத்தகத்திலிருந்து படிப்பார். மாணவர்கள் பிஸ்கட்டுக்காகவும், பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்காகவும், ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் இருக்க முடியாமலும் வருவார்கள். எழுத்தாளர் படித்து முடிப்பார். கைதட்டுவார்கள். "யாராவது கேள்வி கேக்கறீங்களா?" என்று புத்தகக்கடைக்காரம்மா கேட்பாள். உடனே கூட்டம் மொத்தமும் தரையைப் பார்க்கும். ஏதோ தொலைந்து போனதைத் தேடுவது போல அப்படி ஓர் அக்கறையாகப் பார்க்கும்.

அந்த அமைதிக்காகவே ஒருவர் காத்திருப்பார். சரித்திரப் பேராசிரியர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. முதல் கேள்வி அவர் வாயில் விழுந்துவிட்டால் அன்றைய கூட்டம் அவருடையது. கேள்வி என்று ஆரம்பித்து, தன் ஆராய்ச்சிக்குள் போய், அதற்குள் இருந்த இன்னொரு ஆராய்ச்சிக்குள் இறங்கி, அவர் வெளியே வரும்போது எழுத்தாளர் கிளம்ப வேண்டிய பஸ் கிளம்பியிருக்கும். நல்ல மனிதர்தான். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லாத மனிதர். ஆனாலும் எழுத்தாளர்கள் பாவமில்லையா?

அதனால் முதல் கேள்வியைக் கேட்பது மூக்குக்கண்ணாடிக்காரரின் பொறுப்பு. அவருடைய கடை பக்கத்துக் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஊருக்கெல்லாம் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் மனிதர், தான் மட்டும் பரிசோதனைப் பலகையில் இருக்கும் எழுத்துகளைத் தாண்டிப் படித்ததில்லை. அதனால் என்ன? கூட்டம் நடக்கிற அன்று காலையில் அவர் சவரம் செய்யும்போது, மனைவி பக்கத்தில் நின்று கேள்வியைச் சொல்லிக்கொடுப்பாள். முகம் கழுவுவதற்குள் மனப்பாடம் ஆகிவிடும். சாயந்திரம் முதல் வரிசையில் உட்கார்ந்து, அப்போதுதான் தோன்றியது போல மோவாயைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பார்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கூட்டத்தில் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். "முதல் வரிசையில இருக்கற ஐயா கேக்கறார்" என்பாள் அவள். "நன்றிங்கம்மா" என்பார் அவர். இருவரும் புருஷன் பெண்டாட்டி என்பது ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். இருந்தும் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாடகம் நன்றாக நடக்கும்போது யார் கெடுப்பார்கள்?

ஒரே ஒரு முறைதான் சொதப்பியது. துப்பறியும் நாவல்காரர் வருவதாக இருந்து, கடைசி நிமிஷத்தில் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு பெண் கவிஞரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் மனைவி. புருஷனிடம் சொல்ல மறந்தே போனாள். அந்த அம்மா காதல் கவிதைகளாகப் படித்துக் கூட்டத்தை உருக வைத்தார். நம்மவர் எழுந்தார். "கொலை செஞ்சது யாருன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். கவிஞர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "ஆமா. முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார். அன்று கைதட்டல் ஓய்வதற்கு நேரம் பிடித்தது. புத்தகங்கள் எல்லாம் விற்றுப்போயின.

அப்படிப்பட்டவருக்குத்தான் இன்று கேள்வி இல்லை. அதுவும் எப்படிப்பட்ட நாளில்? இன்று புத்தகம் படிக்கப்போகிற எழுத்தாளர் அவர் மனைவியேதான்.

அவள் நாவல் எழுதுகிறாள் என்பதே அவருக்குப் புத்தகம் அச்சாகி வந்தபிறகுதான் தெரியும். பார்சலைப் பிரித்து ஒரு பிரதியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "அட" என்றார் அவர். வேறு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாற்காலிகளைப் பொறுக்கி வரிசையாகப் போடும்போது, அவள் தங்கை வந்து சேர்ந்தாள். வங்கியில் வேலை. கூட்ட நாட்களில் விற்பனை மேஜையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வந்ததும் வராததுமாக அவரை ஓர் அலமாரிக்குப் பின்னால் ஓரங்கட்டினாள்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்க. அக்கா புக்கைப் படிச்சீங்களா?"

"பாதி" என்றார்.

"எந்தப் பாதி? அட்டையா?"

அவர் கைக்குட்டையை எடுத்து, சுத்தமாகவே இருந்த தன் கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் சும்மா விடவில்லை. அக்கா தினமும் ராத்திரி போன் பண்ணி அழாக்குறையாகப் பேசுகிறாளாம். ஊரெல்லாம் படித்துவிட்டு வந்து பாராட்டுகிறதாம், வீட்டில் இருக்கிற மனிதர் மட்டும் புத்தகத்தை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லையாம். அதனால்தான் இன்று கேள்வி கிடையாதாம். படித்திருந்தால் கேள்வி தானாக வரட்டும், வராவிட்டால் தெரிந்துகொள்கிறேன் என்றாளாம். சொல்லி முடித்ததும் தங்கைக்கே அவர் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், அதையே கேட்டுடுங்க. இந்த நாவலை எழுத எவ்வளவு நாளாச்சுன்னு கேளுங்க. எல்லாருக்கும் பொருந்தும். படிக்காதவங்க கேக்கற கேள்விதான், ஆனா மோசம் போகாது."

அவர் தலையாட்டினார். அவளிடம் அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. புத்தகத்தை அவர் படித்துவிட்டார். கடையில் கண் பரிசோதனை செய்யும் இருட்டறையில், பலகைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆள் வரும் சத்தம் கேட்டால் மேஜை இழுப்பறைக்குள் ஒளித்துவைத்து, முழுசாகப் படித்துவிட்டார். ஓர் அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். 

கதையில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் வருகிறார். எந்நேரமும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. பேச்சு குறைவு. அவர் மனைவி ஒருநாள் ஒரு பச்சைப் பெட்டியோடு பஸ் நிலையத்துக்குக் கிளம்புகிறாள். விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்கிறாள். விருந்தாளி வரப்போவதில்லை என்று மத்தியானமே போன் வந்துவிட்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிக்குள் இருப்பது அவளுடைய துணிகள். பஸ் வருகிறது. நடத்துனர் கூப்பிடுகிறார். அவள் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். அங்கே அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஏன் ஏறவில்லை என்று புத்தகம் சொல்லவே இல்லை. அடுத்த அத்தியாயத்தில் பொழுது விடிந்து, அவள் பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் அவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. புத்தகக் கடை திறந்த புதிது. கடையில் நடப்பதாக இருந்த முதல் கூட்டம். அவர் தன் கடையே கதி என்று கிடந்த காலம். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது உப்பு தீர்ந்துவிட்டது, விளக்கு எரியவில்லை என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. எழுத்தாளரைக் கூட்டிவரப் பஸ் நிலையத்துக்குப் போகிறேன் என்றாள். பெட்டி எதற்கு என்று கேட்டதற்கு, எழுத்தாளர் கொண்டுவரும் பிரதிகளை அடுக்க என்றாள். அவரும் நம்பினார். தனி ஆளாக நாற்காலிகளைப் போட்டார். யாரும் வரவில்லை. ஈ, காக்கைகூட வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவள் மட்டும் பெட்டியோடு திரும்பி வந்தாள். "எழுத்தாளர் வரலைங்க" என்றாள்.

வராவிட்டால் போகட்டும், நீயே ஏதாவது படி, நான் கேட்கிறேன் என்றார் அவர். அவள் அலமாரியிலிருந்து கைக்கு வந்த புத்தகத்தை உருவி ஒரு பக்கம் படித்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. படித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். முதல் வரிசையிலிருந்து அவர் கையைத் தூக்கினார். "தொண்டை வறண்டுபோச்சே, டீ போட்டுத் தரவா?" என்று கேட்டார். அந்தக் கடையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அவள் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் அழுதும்விட்டாள். எழுத்தாளர் வராத வருத்தம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. போக நினைத்தவள் ஏன் திரும்பினாள்? பயமா? பழக்கமா? போக இடமில்லையா? படித்தேன் என்று அவளிடம் சொன்னால் இதையும் கேட்க வேண்டிவரும். கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். 

சாயந்திரம் கூட்டம் வழிந்தது. உட்கார இடமில்லாமல் மாணவர்கள் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்கள். அடிக்குறிப்பு இரண்டாம் வரிசை ஓரத்தில், எழுந்திருக்க வசதியான நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருந்தார்.

அவள் படித்தாள். கடிகாரக்காரர் ஊரார் கடிகாரங்களைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக் கடிகாரத்தை மட்டும் நின்றது நின்றபடி விட்டுவைத்திருக்கும் அத்தியாயம் அது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் திரும்பி நம்மவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். அந்த இடம் அவருக்கும் பிடித்த இடம்தான். அவர் சிரிப்பதை மனைவி ஒரு கணம் கவனித்தாள். அடுத்த வரியில் தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

கைதட்டல் முடிந்தது. அவள் புத்தகத்தை மூடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "யாராவது கேள்வி கேக்கறீங்களா?" என்றாள். வழக்கமாக அதைச் சொல்லிக்கொண்டே முதல் வரிசையைப் பார்ப்பாள். இன்று சுவரைப் பார்த்தாள்.

கூட்டம் தரையைப் பார்த்தது. பின்னால் விற்பனை மேஜையிலிருந்து தங்கை சன்னமாக இருமினாள். இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அடிக்குறிப்பு முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு எழத் தொடங்கினார்.

மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மோவாயைத் தடவ மறந்துபோனார். எவ்வளவு நாளாச்சு என்ற கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.

"முதல் வரிசையில இருக்கற ஐயா கேக்கறார்" என்றாள் அவள்.

"அந்தப் பச்சைப் பெட்டி அத்தியாயம்" என்றார் அவர். அதைக் கேட்டதும் அவள் கண்கள் சுவரை விட்டு அவர் மேல் வந்து நின்றன. "அதை நான் பலமுறை படிச்சேன். விருந்தாளி வரமாட்டார்னு அவளுக்குத் தெரியும். துணியெல்லாம் பெட்டியில இருக்கு. பஸ்ஸும் வந்துடுச்சு. நடத்துனர் கூப்பிடறார். இவ்வளவும் எழுதின நீங்க, அவ ஏன் ஏறலைன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க. அது ஏம்மா?"

பாதி எழுந்த அடிக்குறிப்பு, பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். பிறகு, அந்தக் கடைக்கு வர ஆரம்பித்த காலத்திலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

புத்தகக்கடைக்காரம்மா கையிலிருந்த புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். தம்ளரை எடுத்து, குடிக்காமல் அதையும் வைத்தாள். பிறகு, அந்தக் கூட்டத்தில் வேறு யாருமே இல்லாதது போல முதல் வரிசையைப் பார்த்தாள்.

"யாருமே வராத கூட்டத்துக்கு அத்தனை நாற்காலியையும் போட்டுட்டு, நீங்க ஒத்தை ஆளா முதல் வரிசையில உக்காந்திருப்பீங்கன்னு நினைச்சேன், எனக்குப் படியில கால் வைக்க முடியலைங்க."