டெல்ஃபீனோ வீட்டுத் தெற்குச் சுவர்

வெயில் விழுகிற, வடகாற்று அண்டாத சுவரோரத்தை எங்கள் ஊரில் ரெசொலானா என்போம். அங்கே உட்கார்ந்து வம்பளக்கிற கூட்டத்துக்கும் அதே பெயர்தான். "ரெசொலானாவில் கேட்டேன்" என்று ஒருவன் சொன்னால் பாதியை நம்பலாம்.

எங்களுடையது பழைய மளிகைக் கடையின் தெற்குச் சுவர். குளிர்காலம் முழுக்க நானும் ஒனோஃப்ரேயும் இன்னும் சில கிழங்களும் அங்கே பெஞ்சைப் போட்டு, பைன் கொட்டை கொறித்துக்கொண்டு ஊரையே உரித்துக்கொண்டிருப்போம். என் மனைவி செல்சா இறந்த பிறகு வீட்டில் என்னோடு பேச ரேடியோவை விட்டால் ஆளில்லை. அந்தச் சுவர் மட்டும் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சே மறந்திருக்கும்.

அப்படி இருக்கையில்தான் டென்வரில் வேலை முடிந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய டெல்ஃபீனோ, கடைக்கு நேர் தெற்கே மாடி வீடு கட்டினான். கூரை ஏறிய அன்றே அதன் நிழல் எங்கள் பெஞ்சில் வந்து படுத்துக்கொண்டது. நேரே போய்க் கேட்டேன்.

"பங்காளி, எங்க வெயில மறைச்சிட்டியேப்பா!"

"வெயிலுக்குப் பட்டா வச்சிருக்கீங்களா? என் நிலம், நான் கட்டுறேன்."

அவன் சொன்னது நியாயம்தான். அதனாலேயே கோபம் கூடியது. வீம்புக்கு நிழலிலேயே உட்கார்ந்து பார்த்தோம். மூக்கு விறைத்துவிட்டது. "நாளைலேருந்து நான் வரலப்பா" என்றான் ஒனோஃப்ரே. எனக்கு இனி ரேடியோதான் கதியா?

"டேய், அவன் வீட்டுக்கும் தெற்குச் சுவர்னு ஒண்ணு இருக்கும்ல?" என்றேன்.

இருந்தது, வாய்க்கால் கரையை ஒட்டி. கரை ஊருக்குப் பொது. பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் அவன் ஜன்னலுக்குக் கீழேயே போட்டோம். புதுச் சுவர், முதுகுக்கு அருமையான சூடு. வேண்டுமென்றே சத்தமாகப் பேசினோம். ஜன்னல் திறந்தது.

"இங்க என்னய்யா பண்றீங்க?"

"வெயில் காயுறோம். பட்டா கேக்காத" என்றான் ஒனோஃப்ரே.

ஜன்னல் படாரென்று மூடியது. அப்புறம் பல நாள் திறக்கவே இல்லை.

ஒரு காலை ஒனோஃப்ரே பழைய வெள்ளக் கதையை எடுத்தான். "பாதிரியாரோட வெள்ளைக் கழுதைய வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சே, அன்னைக்கு..."

ஜன்னல் மறுபடி திறந்தது. "அது சாம்பல் கழுதைடா! வெள்ளம் அடிச்சிட்டுப் போனது பாதிரியாரை. கழுதை கரையில நின்னு வேடிக்கை பாத்துச்சு. அவர் காலைப் பிடிச்சு இழுத்ததே நான்தான்!"

பாதி உடம்பு வெளியே தொங்க, மூச்சு விடாமல் பேசினான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். கேட்க ஆளில்லாமல் கிடந்த பேச்சு அப்படித்தான் கொட்டும். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"வெளிய வாடா. பாதிரியார் எழுந்து என்னதான் சொன்னாரு?" என்றேன்.

"இருங்க, இருங்க, போயிடாதீங்க!"

ஒனோஃப்ரேயை இடித்து நகர வைத்தேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு டெல்ஃபீனோ வந்தான். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல், அந்தப் பனியில் வெறுங்காலோடு ஓடி வந்தான், எங்கே நாங்கள் எழுந்து போய்விடுவோமோ என்று.