முட்டைக்காரன்

இத்தோடு ஐந்தாவது ஆள். சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் முகத்தை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். துக்கத்துக்கு வந்தவன் கையைத் தொடுவது சரி. மணிக்கட்டைப் புரட்டிப் பார்ப்பானா? மிரெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் தம்பி தாரியோவின் கூட்டாளிகள், பழைய வெண்கலக் கைக்கடிகாரம் சேர்க்கிறவர்கள். அப்பா துய்லியோ ஸ்பெசியாத் துறைமுகத்தில் முப்பது வருடம் தண்ணீருக்கடியில் வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்தது முக்குளிப்பவர்களுக்கென்றே செய்த கனத்த கடிகாரம். எவ்வளவு நேரம் மூழ்கியிருக்கிறோம் என்று காட்டச் சுற்றும் வளையம், இருட்டில் ஒளிரும் முட்கள். கடல் உப்பும் வியர்வையும் ஏறி அது பச்சை பூத்திருந்தது. தேய்த்துக் கழுவச் சொல்லி அம்மா சாகும்வரை திட்டினாள். இந்தக் கூட்டத்துக்கோ அந்தக் களிம்புதான் பொக்கிஷம்.

தாரியோவிடமும் அதே வகையில் ஒன்று உண்டு. அவன் கடலில் கால்கூட நனைக்காதவன். பழசாய்த் தெரிவதற்காக அவித்த முட்டையை நசுக்கிக் கடிகாரத்தோடு டப்பாவில் அடைத்துக் கருக்க வைப்பான். பச்சைக்கு உப்பும் வினிகரும். வீடே நாறும். அப்பா அவனை முட்டைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் அவர் மிரெல்லாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இது என்னோடவே வரட்டும்மா. முட்டைக்காரன் கையில மட்டும் சிக்கிடக் கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வந்தவர்களுக்குக் காப்பி போட்டு எடுத்து வந்தபோது அவர்களில் ஒருவரும் இல்லை. சவப்பெட்டியின் துத்தநாக உள்மூடியை ஈயத்தால் பற்றவைத்து அடைக்க வந்த ஆள் சாமான்களைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தான். தாரியோ ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்தான். முத்தம் கொடுப்பதானால் இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றான் அந்த ஆள்.

மிரெல்லா குனிந்து அப்பாவின் கையில் உதட்டை வைத்தாள். நாற்றம் அடித்தது. பிணவாடை என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே கூசினாள். மறுபடி முகர்ந்தாள். கடிகாரத்தின் தோல்வாரில் ஊறிப்போன கெட்ட முட்டை. அதே வளையம், அதே கனம், பச்சைகூட ஏறக்குறைய அதேதான். காப்பி கொதிக்கிற நேரத்துக்குள் பெற்ற அப்பனின் விறைத்த கையைத் தூக்கி, வாரை அவிழ்த்து, தன்னுடையதைக் கட்டியிருக்கிறான் தாரியோ.

"தாரியோ, சட்டைக் கையை மடக்கு."

"எதுக்குக்கா?"

"மடக்குடா."

பற்றவைக்கிற ஆள் தலையைக் குனிந்துகொண்டான். தாரியோ மெல்ல மடக்கினான்.

"மண்ணுக்குள்ள போய் யாருக்கு என்ன பிரயோஜனம்? இந்த மாதிரிப் பச்சை இனிமே எங்கேயும் கிடைக்காதுக்கா. நான் பத்திரமா வெச்சுப்பேன்."

"கழட்டு."

அவன் உடம்புச் சூட்டோடு இருந்ததை வாங்கி அப்பாவின் கையில் கட்டினாள். அங்கிருந்து கழற்றியது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. அதை வாங்கித் தாரியோ கால்சட்டைப் பைக்குள் போடப் போனான்.

"கையில கட்டிக்கோ," என்றாள். "உன்னோடதுதானே."

தேவாலயத்தில் தாரியோ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இடது கையை மட்டும் உடம்பில் படாமல் தள்ளி வைத்திருந்தான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுங்கள் என்றார் பாதிரியார். அவன் வலது கையை நீட்டினான்.

மிரெல்லா கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.