வலப்பக்கம் மேலே

கொக்கித் தடி முதலில் கதவில் விழுந்தது, அடுத்து தொகுஜியின் தோளில். தீப்பிடித்த வீடுகளின் கூரையையே பிய்த்துப் போடுகிற தீயணைப்புக்காரன் கான்பெய்க்கு ஒரு காகிதக் கதவு எம்மாத்திரம்! தொகுஜி மடியிலிருந்த பலகையோடு சுவரில் போய் மோதினான். கசங்கிய படம் ஒன்று அவன் முகத்தில் வந்து விழுந்தது.

"என்னடா இது? கண்ணத் தொறந்து பாருடா!"

கிணற்றடியில் மூன்று பெண்கள் துணி துவைக்கும் படம். தொகுஜிதான் அதை மரத்தில் செதுக்கியவன். நடுவில் சிரிக்கிறவள் கான்பெய்யின் மனைவி தாகி. ஓவியர் அவளை நேரில் பார்த்தே வரைந்திருந்தார். தொகுஜியின் பார்வை அவள் மார்புக்கு இறங்கியது. அங்கியின் வலப்பக்கம் மேலே வந்திருந்தது. உயிரோடிருக்கிறவர்கள் இடப்பக்கத்தைத்தான் மேலே மடிப்பார்கள். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு.

"ரெண்டு நாளா பிரசவ வலியில கெடக்குறா. பக்கத்து வீட்டுக்காரி இதக் கொண்டாந்து காட்டிட்டா. 'எனக்குத்தான் பொணக்கோலம் கட்டியாச்சே'ன்னு முக்கவே மாட்டேங்குறாடா!" கான்பெய்யின் குரல் உடைந்தது. அந்த ஆத்திரத்தில் மை ஜாடியை எட்டி உதைத்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தொகுஜி சறுக்கியது சாராயத்தில். அந்தப் படத்தைச் செதுக்கிய அன்று, பலகையில் ஒட்டிய ஓவியத் தாள் மார்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி ஓகிமியின் மடிப்பைப் பார்த்து, பார்த்தபடியே மரத்தில் போட்டுவிட்டான். மரத்தில் நேராக இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும். இருபது வருஷக் கைக்கு அன்றைக்கென்று அது மறந்துபோயிற்று.

கான்பெய் தடியை ஓங்கினான். "அந்த வலது கையக் குடு."

"தர்றேண்ணே. முதல்ல இதத் திருத்திக் குடுக்குறேன். அண்ணி கண்ணால பாக்கட்டும். அப்புறம் வந்து ஒடச்சுக்கோ, நான் எங்கயும் போகல."

அந்தப் படத்தின் பலகையை எடுத்துத் தப்பான இடத்தைத் தோண்டி, அளவாய் ஒரு செர்ரி மரத்துண்டை அடித்து இறக்கினான். தோளிலிருந்து ரத்தம் பலகையில் சொட்ட, ஓகிமி துடைத்துக்கொண்டே இருந்தாள். கத்தி போன வழியெல்லாம் கான்பெய்யின் மூச்சும் கூடவே போனது.

கடைசிக் கோடு முடிந்ததும் கான்பெய் குனிந்து பார்த்தான். மரத்தில் வலப்பக்கம் மேலே இருந்தது.

"மறுபடியும் பொணத்தையாடா செதுக்கியிருக்க!"

தடி இறங்கியது. பலகையைப் பிடித்திருந்த இடது கையில் மூன்று விரல்கள் கரும்பு முறிகிற மாதிரி முறிந்தன. தொகுஜி மாட்டைப் போல அலறினான். மறுபடி ஓங்கிய தடியை ஓகிமி எட்டிப் பிடித்துத் தொங்கினாள்.

"மரத்தப் பாக்காதய்யா, பாவி! காகிதத்தப் பாரு!"

தரையில் கொட்டிக் கிடந்த மையையே வழித்துத் தடவி, தாளைப் போட்டுத் தேய்த்து உரித்தாள். ஈரத்தாளில் தாகி சிரித்தாள். இடப்பக்கம் மேலே, உயிரோடிருக்கிறவளாக.

கான்பெய் அதையும் தொகுஜியின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். மை அழியாமல் இருக்கப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

"பின்வாசல் வழியா போயிடலாங்க. தாகிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவன் ஒங்களக் கொன்னுடுவான்."

"வார்த்த குடுத்துட்டேன் ஓகிமி."

பயமாக இருந்தது. பொய் சொல்வானேன். ஆனாலும் அவனுக்குத் தன் கையைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் நினைப்பு ஓடியது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும் என்று கான்பெய்யின் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிடப் போனான். இடது கை எழும்பவில்லை.

சந்துக்கு அப்பால் ஒரு பெண்ணின் நீண்ட அலறல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, குழந்தையின் அழுகைகூட. கொஞ்ச நேரத்தில் கல்பாவிய தரையில் கொக்கி இழுபடும் சத்தம் அவர்கள் வீட்டை நோக்கி வந்தது. தொகுஜி பலகையை அருகே நகர்த்தி, தாகியின் மார்பின் மேல், தருவதாகச் சொன்ன வலது கையை விரித்து வைத்துக்கொண்டு, பிய்ந்த கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.