யாருடைய பத்து மணி

வடக்கே துருக்கியர், தெற்கே கிரேக்கர் என்று பிரிந்து கிடக்கும் எங்கள் சைப்ரஸ் தீவில் எதைச் செய்தாலும் அது எதிர்த்தரப்பை ஓர் அரசாக அங்கீகரித்ததாகிவிடும். கைகுலுக்கினால் அங்கீகாரம். உறைமேல் முகவரி எழுதினால் அங்கீகாரம். தும்மியவரை வாழ்த்துவதற்கு முன்னால்கூட ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் வடக்கில் வாழும் மாரோனைட், இரண்டிலும் சேராத சின்னக் கிறிஸ்தவக் கூட்டம். கிரேக்கம், துருக்கி இரண்டும் பேசுவேன் என்பதால் இரு தரப்பும் என்னைச் சமமாகச் சந்தேகிக்கின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

தீவை ஒன்றாக்கும் பெரிய பேச்சு ஏதோ குளிர்தேசத்து ஹோட்டலில் நின்றுபோயிருந்தது. போகட்டும், எங்கள் ஊர்ப்பக்கம் எல்லையில் ஒரு சின்ன வாசலையாவது திறப்போம் என்று இரு தரப்பும் சேர்ந்த ஒரு குழு ஏழு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது. இரு பக்கத்துக்கும் சொந்தமில்லாத நடுநிலப் பகுதியில் கைவிடப்பட்ட பள்ளிக்கூடம்தான் இடம். அதன் ஜன்னலில் நின்றால் பூட்டிய தெற்கு கேட்டும், அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரையும் தெரியும்.

தெர்விஷ் அந்தக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வடக்குக்காரர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கேட் திறந்தால் ஐந்து நிமிடம். திறக்காததால் தலைநகர்ச் சோதனைச்சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். இதைக் குழுவிடம் சொல்ல அவரை அழைத்திருந்தார்கள். அன்றைக்கு நண்பகலில் அவருக்கு மெஷின் முறை.

குளிர்காலம் வந்தால் தீவு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைப்பது வழக்கம்; அந்த வருடம் வடக்கு மறுத்துவிட்டது. தெற்கில் ஒன்பது என்றால் வடக்கில் பத்து. அழைப்பில் யாருடைய மணியைப் போடுவது என்று மூன்று வாரம் சண்டை. கடைசியில் இரு தரப்பும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்கள்: வெறுமனே 'பத்து மணி' என்று போட்டுவிடலாம்.

வடக்குக் குழுத் தலைவர் நெஜாத்தி பே, அதாவது நெஜாத்தி ஐயா, தன் ஆட்களோடு தன் பத்து மணிக்குச் சரியாக வந்தார்.

"நாங்க வந்தாச்சு, அவங்க வரல. இதுலேர்ந்தே தெரியலையா அவங்க லட்சணம்?"

"அவங்களுக்கு இப்பதான் ஒன்பது, பே" என்றார் தெர்விஷ்.

"அவங்களுக்குன்னு ஒரு மணி இருக்கறதா நான் எங்கயும் கையெழுத்துப் போடல."

"கையெழுத்து வேணாம் பே, ஒரு காபி குடிங்க."

காபி வந்தது. தெர்விஷ் தன் பஸ் காலத்துக் கதைகளையெல்லாம் எடுத்துவிட்டார். பழைய ஆள்; நேரத்தை இழுக்கத் தெரிந்தவர். காபிக்காரரிடம் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அப்போது தெற்கு வளைவில் கறுப்புக் கார்கள் தெரிந்தன.

"அப்பாடா, வந்துட்டாங்க!" என்றார் தெர்விஷ்.

நெஜாத்தி பே துள்ளி எழுந்தார். "கிளம்புங்க, கிளம்புங்க! நாம காத்திருந்ததைப் பாத்துட்டாங்கன்னா அவங்க மணியை நாம ஒத்துக்கிட்டதா ஆயிடும்!"

வடக்குக் குழுவினர் பாதிக் காபியை விட்டுவிட்டு வடக்கு வாசல் வழியாக ஓடினார்கள்.

தெற்கு வாசல் வழியாகத் தெற்குக் குழுத் தலைவர், வழக்கறிஞர் பொலிகார்ப்பொஸ் நுழைந்தார். சூடு ஆறாத கோப்பைகளைப் பார்த்தார்.

"ஓடிட்டாங்களா?"

"தூசிகூட இன்னும் அடங்கல ஐயா, ஒரு போன் போடுங்க." தெர்விஷுக்குக் கிரேக்கம் தண்ணீர் பட்ட பாடு, நான் சும்மா நின்றேன்.

"நம்ம போன் அந்தப் பக்கம் எடுக்காது. எடுத்தாலும் போட முடியாது, அது ஒரு மாதிரி..."

"அங்கீகாரம்" என்றேன்.

"அதேதான்." அவரும் ஒரு காபி குடித்தார். கண்டன அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகிப் பையில் இருந்தது.

தெர்விஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, அதோ உங்க கேட்டு. பின்னாடியே ஆஸ்பத்திரி. உங்க கார்ல ஒரு மூலையில என்னையும் போட்டுக்கிட்டுப் போங்க. சுத்திக்கிட்டுப் போனா என் முறை போயிடும்."

பொலிகார்ப்பொஸின் கண் உண்மையாகவே கலங்கியது. "எனக்கு ஆசையில்லையா தெர்விஷ்? ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒருத்தர் இந்த வழியா போயிட்டாக்கூட, அப்புறம் வழி திறந்த மாதிரி ஆயிடுமே!"

"அதுக்குத்தானய்யா ஏழு வருஷமா பேசறீங்க?"

அவர் தெர்விஷின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். கேட் அவருக்காகத் திறந்து மூடிக்கொண்டது.

என் காரில் சுற்றிக்கொண்டு போனோம். சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். கெஞ்சியதில் சாயங்காலம் ஒரு மெஷின் கிடைத்தது, அதுவும் பாதி நேரத்துக்கு. அவருடைய கால்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன.

வார்டு டிவியில் இரு தலைவர்களின் அறிக்கைகளையும் வாசித்தார்கள்: எதிர்த்தரப்பிடம் நல்லெண்ணம் இல்லை, எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டையும் போனிலேயே மொழிபெயர்த்துக் கொடுத்தது நான்தான். முதலாவது முடிந்ததும், இரண்டாவதற்குப் பெயர்களை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது.

நர்ஸ் எவாந்தியா ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டாள். "எங்க போயிட்டீங்க இன்னிக்கு?"

"பேச்சுவார்த்தைக்கு."

"அப்படியா! என்ன முடிவாச்சு?"

தெர்விஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

"காபி நல்லா இருந்துச்சும்மா. எனக்குத்தான் குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க டாக்டர்."